களைக்கீரையும் கடைப் பருப்பும்



வரி, உரிமம், எடைக்கல் முத்திரை என்று எத்தனையோ விஷயங்களை நம் இதழில் படித்து வருகிறோம். இந்த முறை அடுப்படி விஷயம் ஒன்றை எழுத அனுமதி கேட்டுக்கொள்கிறேன். மளிகைக் கடைக்காரனுக்கு அடுப்படியில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நாம் விற்கிற சரக்கில் முக்கால்வாசி அங்கேதான் போய்ச் சேருகிறது. அங்கே ஒரு தவறு நடந்தால் பழி திரும்பி நம் கல்லாவுக்குத்தான் வருகிறது.

எனக்கு அப்படித்தான் வந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசி மாதம், என்னிடம் நெடுநாளாகப் பருப்பு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் பாதி விற்ற துவரம்பருப்பு மூடையை அப்படியே கொண்டுவந்து இறக்கினார். "அண்ணாச்சி, பருப்பு வேகவே மாட்டேங்குதுன்னு நாலு வீட்டுல சொல்லிட்டாங்க. பழைய சரக்கைக் கலந்துட்டீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்ட தோரணை எனக்குச் சுருக்கென்றது. மூடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு பாக்கியில் வரவு வைத்துவிட்டேன். ஆனால் மனம் ஆறவில்லை. அந்த மூடையிலிருந்து ஒரு ஆழாக்கு எடுத்துப்போய் வீட்டில் வேகவைக்கச் சொன்னேன். வழக்கமான நேரத்தில் மலர்ந்து வெந்தது. அதே சரக்கு இன்னும் ஏழெட்டுக் கடைகளுக்குப் போயிருந்தது. அங்கெல்லாம் ஒரு புகாரும் இல்லை.

மறுநாள் நேரில் போய் விசாரித்தேன். நாலு வீடும் ஒரே தெரு. அந்த வாரம் மழை பெய்து, காட்டிலிருந்து கீரைக்காரம்மா பருப்புக்கீரை கொண்டு வந்திருக்கிறார். கீரை மலிவு, பார்க்கவும் தளதளவென்று இருந்தது. எல்லோரும் வாங்கி, பருப்பையும் கீரையையும் ஒன்றாகச் சட்டியில் போட்டு அடுப்பில் ஏற்றியிருக்கிறார்கள். விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது.

பருப்புக்கீரை புளிப்புள்ள கீரை. புளிப்பு சேர்ந்த தண்ணீரில் எந்தப் பருப்பும் லேசில் வேகாது. புளிக்கரைசலைப் பருப்பு வெந்த பிறகுதானே சாம்பாரில் ஊற்றுகிறோம்? அதே கணக்குதான் இதற்கும். புளிச்சகீரை, புளியாரை, பருப்புக்கீரை ஆகிய மூன்றுக்கும் பருப்பை முதலில் தனியாக மலர வேகவைத்துவிட்டு, அதன்பிறகே கீரையைப் போட வேண்டும். குக்கரில் வைத்தால் பிழை தெரியாமல் ஒருவாறு ஒப்பேறிவிடும். சட்டியில் வைத்தால் ஒரு மணி நேரம் ஆனாலும் பருப்பு விறைத்துக்கொண்டு நிற்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உப்புத்தன்மையுள்ள கிணற்று நீரிலும், சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஆழ்குழாய் நீரிலும் பருப்பு வேக நேரமாகும். "பருப்பு சரியில்லை" என்று வாடிக்கையாளர் வந்தால் கோபப்படாமல், என்ன தண்ணீர், கூட என்ன போட்டீர்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

பருப்புக்கீரையில் ஒரு வேடிக்கையும் உண்டு. வறட்சியில் வளர்ந்த செடியை விடியற்காலையில் பறித்தால் புளிப்பு அதிகமாகவும், சாயங்காலம் பறித்தால் குறைவாகவும் இருக்கும். இரவில் செடி தனக்குள் ஒரு புளிப்பைச் சேர்த்துவைத்துப் பகல் வெயிலில் அதைச் செலவழித்துவிடுகிறது என்று தாவர நூல்கள் சொல்கின்றன. நம் ஊர்ப் பெண்கள் இதை நாக்கால் அறிந்திருந்தார்கள். புளிப்பு வேண்டாதவர்கள் பொழுது சாய்ந்த பிறகு பறிப்பார்கள்.

பெயரை நம்பாதீர்கள், செடியைப் பாருங்கள்

எங்கள் கரிசல் பக்கத்தில் புரட்டாசி கடைசியில் மழை விழுந்ததும் விதைப்பு நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் களையெடுப்பு. களையெடுக்கப் போன பெண்கள் எடுத்த களையில் பாதியை வரப்பில் எறிந்துவிட்டு மீதியை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். அந்த மீதிதான் இராச் சமையல். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, முள்ளுக்கீரை, சாரணை, மூக்கிரட்டை, கானாவாழை என்று அதில் ஏழெட்டு வகை இருக்கும். எல்லாம் கலந்து கடைந்தால் கலவைக்கீரை. விதை போடாமல், தண்ணீர் பாய்ச்சாமல், வாடகை கொடுக்காமல் விளைந்த சரக்கு அது.

ஆனால் பெயரில்தான் தொல்லை. நான் மேலே சொன்ன பருப்புக்கீரை தரையோடு படரும், தண்டு தடித்து நீர் கோத்திருக்கும், இலை சின்னக் கரண்டி போல இருக்கும். கோவைப் பக்கம் போய்ப் பருப்புக்கீரை என்று கேட்டால் நிமிர்ந்து வளரும் வேறொரு செடியைக் கொடுப்பார்கள். மற்ற ஊர்களில் அதற்குச் சக்கரவர்த்திக்கீரை என்று பெயர். இரண்டும் நல்ல கீரைதான். ஆனால் சமைக்கும் பக்குவம் வேறு. ஒரு ஊர்க்காரர் சொன்ன பக்குவத்தை இன்னொரு ஊர்க்கீரைக்குப் பயன்படுத்தினால் பழி பருப்பின் மேல் விழும்.

ஆபத்தான குழப்பங்களும் உண்டு. பருப்புக்கீரை படர்கிற அதே தரையில் சித்திரப்பாலாடை என்ற செடியும் படரும். தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். எங்கள் கடைவாசலில் உட்காரும் கீரைக்காரம்மா ஒருநாள் எனக்குக் காட்டினார். "அண்ணாச்சி, ஒடிச்சுப் பாருங்க. தண்ணி வந்தா சட்டிக்கு, பால் வந்தா சாணிக்குழிக்கு" என்றார். பருப்புக்கீரையின் தண்டு தடிமனாக இருக்கும், ஒடித்தால் தெளிந்த நீர்தான் வரும். சித்திரப்பாலாடைக்குத் தண்டு நூல் போல இருக்கும், ஒடித்தால் வெள்ளைப் பால் வரும். அதை மருந்துக்கு எடுப்பவர்கள் உண்டு. சோற்றுக்கு அது ஆகாது.

வேளைக்கீரையில் இரண்டு. வெள்ளைப் பூப் பூத்து, ஒரு காம்பில் ஐந்து இலை விரிவது நல்வேளை. மஞ்சள் பூவும் தொட்டால் பிசுபிசுப்பும் உள்ளது நாய்வேளை. சமையலுக்கு எடுப்பது நல்வேளை. நாய்வேளையின் விதையைத்தான் நாய்க்கடுகு என்கிறோம். கடுகு கொள்முதல் செய்கிறவர்கள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்.

மூக்கிரட்டையின் இலை அடியில் வெளிறியிருக்கும், நீண்ட காம்புகளில் சின்னஞ்சிறு இளஞ்சிவப்புப் பூக்கள் இருக்கும். சாரணையின் இலை சதைப்பற்றாக இருக்கும், பூ இலைக்கணுவிலேயே ஒட்டி உட்கார்ந்திருக்கும். சாரணையில் இளந்தளிரை மட்டும் கிள்ளுங்கள். முற்றியது வயிற்றைக் கலக்கும்.

குப்பைமேட்டில் குப்பைக்கீரை முளைக்கிற இடத்தில் ஊமத்தையும் முளைக்கும். பூவும் காயும் வந்துவிட்டால் குழந்தைக்கும் தெரியும். நாலு இலை விட்ட கன்றாக இருக்கும்போதுதான் கட்டில் கலந்துவிடுகிறது. குப்பைக்கீரை இலையின் நுனி சற்று உள்வாங்கிப் பிளந்தாற்போல இருக்கும். ஊமத்தை இலையைக் கசக்கினால் குமட்டும் வாடை வரும். ஊமத்தை வயிற்றில் போனால் வாய் வறளும், கண்மணி விரியும், பேச்சு பிதற்றலாகும். கை வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். ஆகவே கட்டாக வாங்கிய கீரையைக் கட்டோடு அரிவாள்மணையில் வைத்து நறுக்காதீர்கள். பிரித்துப் போட்டு ஒவ்வொரு தண்டாகப் பாருங்கள். தெரியாத செடி ஒன்று இருந்தாலும் அதைத் தூக்கி எறிந்துவிடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இப்போது வந்திருக்கும் புது ஆபத்து

மேலே சொன்னது பாட்டிமாருக்குத் தெரிந்த ஆபத்து. அவர்களுக்குத் தெரியாத ஒன்றும் இப்போது இருக்கிறது. களையெடுக்க ஆள் கிடைக்காததால் பருத்திக் காட்டிலும் மக்காச்சோளக் காட்டிலும் களைக்கொல்லி அடிக்கிறார்கள். கிளைபோசேட் போன்ற மருந்தை அடித்த அன்றே செடி கருகிவிடாது. நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம் வரை பச்சையாகவே நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது நல்ல கீரை. மருந்து செடிக்குள்ளேயே இறங்கிவிடுவதால் பத்துத் தண்ணீரில் கழுவினாலும், வேகவைத்தாலும் முழுதும் போகாது. இந்த மருந்தைப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் மூலமே தெளிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. அதை அறிந்தவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

சாக்கடை ஓரத்து வல்லாரையும், ஆலைக் கழிவுநீர் தேங்கிய குட்டைப் பொன்னாங்கண்ணியும் இதே கதைதான். தண்ணீரில் இருக்கும் ஈயம், குரோமியம் போன்றவற்றைச் செடி உறிஞ்சிக்கொள்ளும். அழுக்கு நீரில் கீரை கொழுகொழுவென்று வளர்வதால் கண் ஏமாந்துபோகும். ஆகவே கீரை விற்பவரிடம் விலை கேட்பதற்கு முன், எந்தக் காடு, மருந்து அடித்தார்களா என்ற இரண்டையும் கேட்க வேண்டும். நம் கடைவாசலில் உட்காரும் கீரைக்காரம்மாவிடம் இதை நாமே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கடைவாசலில் விற்றால் வாடிக்கையாளர் அதை நம் சரக்காகத்தான் நினைப்பார். நான் கேட்கத் தொடங்கியபின் அவர் இரண்டு காடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அதனால் அவருக்குக் கட்டு குறைந்தது உண்மை. என்னால் முடிந்தது, அவருடைய மளிகைச் சிட்டையில் கொஞ்சம் பார்த்துப் போடுவது.

சமைக்கும் பக்குவம்

முதலில் கழுவுதல். நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்தெல்லாம் தண்ணீரோடு போகும். முழுசாகக் கழுவி, பிறகு நறுக்க வேண்டும். வாய் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிக் கீரையை அலசி, கையால் கீரையை மேலே அள்ளி எடுக்க வேண்டும். தண்ணீரைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடியும் கீரை மேலேயே ஏறும். தரையில் படரும் கீரைக்கு மூன்று தண்ணீராவது வேண்டும். மழைக்காலத்துக் கரிசல் மண் பசை மாதிரி ஒட்டும்.

கலவைக்கீரை கடைசலுக்கு நாலு பேர் உள்ள வீட்டுக்கு அரை ஆழாக்குத் துவரம்பருப்பு போதும். பாசிப்பருப்பும் போடலாம். கசப்புக் கீரை அதிகமிருந்தால் பாசிப்பருப்பே மேல், கசப்பை அமர்த்தும். பருப்பில் ஒரு சொட்டு விளக்கெண்ணெயும் துளி மஞ்சள்தூளும் விட்டு மண்சட்டியில் வேகவைக்க வேண்டும். பருப்பு முக்கால் பதம் வந்ததும் ஏழெட்டுச் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, இரண்டு பச்சைமிளகாய், அரைத் தேக்கரண்டி சீரகம் சேருங்கள். (புளிப்புக் கீரை கலந்திருந்தால் முழுப் பதம் வரட்டும்.) கடைசியாகக் கீரையைப் போட்டு மூடாமல் வேகவிடுங்கள். மூடி வைத்தால் பச்சை நிறம் மங்கிக் காக்கியாகிவிடும். பத்து நிமிடத்துக்கு மேல் கீரைக்கு அடுப்பு தேவையில்லை. இறக்கி உப்புப் போட்டு மத்தால் கடைய வேண்டும். மின்சார மிக்சியில் அடித்தால் கூழாகிவிடுகிறது, ருசியும் வேறாகிவிடுகிறது. கடுகு, உளுந்து, மிளகாய்வற்றல் தாளித்து, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் இருந்துவிட்டால் ஒரு கவளம் கூடவே இறங்கும்.

கீரை வெந்த தண்ணீரைக் கொட்டக்கூடாது என்பது பொது விதி. நல்வேளைக்கு மட்டும் விதி மாறும். அதன் கசப்பும் காரமும் அப்படியே இருந்தால் வாயில் வைக்க முடியாது. கொதிநீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கீரையைப் பிழிந்து, பிறகு பருப்போடு கடைய வேண்டும். பள்ளிக்கூடத்தில் சிறுபாணாற்றுப்படையில் படித்தது இங்கே நினைவுக்கு வருகிறது. வறுமைப்பட்ட பெண் ஒருத்தி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைப் பறித்து, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவார்களோ என்று கதவைச் சாத்திக்கொண்டு தன் சுற்றத்தோடு உண்கிறாள். பாடம் நடத்திய ஆசிரியர் வறுமையைச் சொன்னார். கடையில் உட்கார்ந்த பிறகு எனக்குத் தோன்றியது உப்பைப் பற்றித்தான். கீரை காட்டில் கிடைத்துவிடுகிறது, உப்பு கடையில்தான் கிடைக்கிறது. கையில் காசில்லாத அம்மாள் வந்து உப்பு கேட்டால் நான் பேரேட்டில் எழுதுவதில்லை.

முடக்கத்தான் வேலியில் படர்கிற கொடி. காற்றடைத்த முக்கோணக் காயை வைத்து அடையாளம் காணலாம். இரண்டு ஆழாக்குப் புழுங்கலரிசி, கால் ஆழாக்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் ஊறவைத்து, இரண்டு கைப்பிடி இலையைச் சேர்த்து அரைத்து, உப்புக் கரைத்துப் புளிக்கவைத்துத் தோசை ஊற்ற வேண்டும். மாவை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுக் கசக்கிறதே என்று பயப்படாதீர்கள். கல்லில் வெந்ததும் கசப்பு பெரும்பாலும் அடங்கிவிடும்.

பிரண்டையில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போயிருந்த சமயம், துவையல்தானே என்று நானே இறங்கினேன். கையில் எண்ணெய் தடவாமல் நார் உரித்தேன். அவசரத்தில் லேசாக வதக்கி, புளி வைக்க மறந்து அரைத்துவிட்டேன். முதலில் கை அரித்தது, பிறகு நாக்கு, அப்புறம் தொண்டை. மோரைக் குடித்துக்கொண்டு கல்லாவில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாம் நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். பிரண்டைக்குள் ஊசி போன்ற நுண்ணிய உப்புப் படிகங்கள் இருக்கின்றன. அவைதான் குத்துகின்றன. சேப்பங்கிழங்கு அரிப்பதும் இதனால்தான். நுனியிலுள்ள இளங்கணுக்களை மட்டும் எடுத்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நாரை உரித்து, தாராளமாக எண்ணெய் விட்டு நிறம் மாறி ஈரம் வற்றும்வரை வதக்க வேண்டும். உளுந்து, மிளகாய்வற்றல், பூண்டு வறுத்து, நெல்லிக்காயளவு புளி கட்டாயம் சேர்த்து அரைத்தால் அரிப்பு இராது.

இராத்திரியில் கீரை ஆகாது என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பலரும் பல காரணம் சொல்கிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் புழு தெரியாது என்பதும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். சமைத்த கீரையை மறுநாள் வைத்துச் சுடவைத்து உண்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பருப்புக்கீரை, புளியாரை போன்றவற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று தினமும் கீரை என்று ஆரம்பிக்காமல் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பொடி வியாபாரம் பற்றி

இப்போது பல கடைகளில் தூதுவளைப் பொடி, வல்லாரைப் பொடி, முடக்கத்தான் பொடி என்று பாக்கெட்டுகள் தொங்குகின்றன. லாபம் உண்டு, மறுக்கவில்லை. நானும் ஒரு சமயம் காய்ந்த தூதுவளை இலை மொத்தமாக வாங்கி விற்றேன். மூன்றாவது தடவை வந்த மூடைகளைக் கடையில் பிரித்துப் போட்டிருந்தபோது கீரைக்காரம்மா உப்பு வாங்க வந்தவர் நின்று பார்த்தார். ஒரு சருகை எடுத்துத் திருப்பி, "இது தூதுவளை இல்லையே அண்ணாச்சி, கண்டங்கத்திரி கலந்து கெடக்கு" என்றார். தூதுவளை முள் சின்னதாகக் கொக்கி போல வளைந்திருக்கும். கண்டங்கத்திரி முள் நீளமாக, நேராக, மஞ்சளாக இருக்கும். சொன்ன பிறகு எனக்கும் தெரிந்தது. கண்டங்கத்திரியும் மூலிகைதான், ஆனால் ரசம் வைக்க வாங்குகிறவருக்கு அதைக் கொடுக்க முடியுமா? முந்தின சரக்கு போன கடைகளுக்கெல்லாம் ஆள் அனுப்பித் திரும்ப எடுத்தேன். சரக்குக் கொடுத்தவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. முழு இலையிலேயே இப்படி என்றால் பொடித்த பிறகு எந்தக் கண் கண்டுபிடிக்கும்? அன்றிலிருந்து, இலையைப் பார்த்து நானே அடையாளம் சொல்ல முடியாத சரக்கை வாங்குவதில்லை.

விற்றுத்தான் ஆக வேண்டும் என்பவர்கள் பாக்கெட்டில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எடை, தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் இவையெல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். "சர்க்கரை நோய் தீரும்" என்று அச்சடித்த பாக்கெட்டை வாங்கவே வாங்காதீர்கள். சர்க்கரை நோயைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் வருடச் சட்டம் தடை செய்கிறது. 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. கடைக்காரர் தன் கையால் பலகையில் எழுதி மாட்டினாலும் அது விளம்பரம்தான்.

ஐப்பசி பிறந்தால் கீரைக்கு வேண்டிய சரக்குகளைக் கண்ணில் படும்படி முன்னால் எடுத்து வையுங்கள். பாசிப்பருப்பு, பூண்டு, சீரகம், மோர்மிளகாய், புளி, நல்லெண்ணெய், இடமிருந்தால் நாலு மரமத்து. மூடையைத் திருப்பிக் கொண்டுவந்த அந்தக் கடைக்காரர் இன்றும் என்னிடம்தான் பருப்பு எடுக்கிறார். மழைக்காலத்தில் அவர் கடையில் ஒரு சிலேட்டு தொங்குகிறது. "புளிப்புக்கீரை வாங்குவோர் பருப்பை முதலில் வேகவைக்கவும்" என்று சாக்கட்டியில் எழுதியிருக்கிறார்.